சினானிம், ஆன்டனிம் மனப்பாடம் செய்தும் ஆங்கிலம் ஏன் கைக்கு வரவில்லை?

கேள்வி இதுதான்: ஆறு மாதமாகத் தினமும் இருபது ஆங்கிலச் சொற்களை அவற்றின் சினானிம் (அதே பொருள் தரும் வேறு சொல்), ஆன்டனிமோடு (எதிர்ச்சொல்) சேர்த்து மனப்பாடம் செய்கிறேன். நாலு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் பெரும்பாலும் சரியாகப் போட்டுவிடுகிறேன். ஆனால் சொந்தமாக நாலு வரி எழுத உட்கார்ந்தால் ஒன்றும் கைக்கு வருவதில்லை. வலிந்து ஒரு புதுச் சொல்லைப் போட்டால், படிக்கிறவர்கள் ‘இது என்ன, ஒரு மாதிரியாக இருக்கிறதே’ என்கிறார்கள். கோளாறு என் ஞாபகசக்தியிலா, முறையிலா?

ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை. நாளுக்கு இருபது வீதம் ஆறு மாதம் என்றால் மூவாயிரத்து அறுநூறு சொற்கள் ஆகிறது. விடையைப் பார்த்ததும் அடையாளம் தெரிகிறதென்றால் நல்ல ஞாபகசக்திதான். கோளாறு அந்தப் பட்டியலில் இருக்கிறது. ‘ஹாப்பி’, ‘கிளாட்’, ‘ஜாய்ஃபுல்’ ஆகியவற்றுக்கு நடுவே சமக்குறி போட்டுப் படிக்கிறோமே, அந்தச் சமக்குறி பொய். ‘எ ஹாப்பி மேன்’ என்று சொல்லலாம். ‘எ கிளாட் மேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஐ ஆம் கிளாட்’ என்பது மட்டும் சரியாக வருகிறது. ‘ஹாப்பி மேரேஜ்’ உண்டு, ‘கிளாட் மேரேஜ்’ கிடையாது. பட்டியல் இதில் எதையும் சொல்லித் தரவில்லை.

நமக்கு இது புரியாத விஷயம் அல்ல, தமிழில் நன்றாகவே புரியும். செத்தான், இறந்தான், காலமானார், மறைந்தார், உயிர் நீத்தார் எல்லாம் ஒரே நிகழ்ச்சிதான். ஆனால் பேட்டரி ‘செத்துப்போச்சு’ என்போம்; பேட்டரி காலமானது என்று சொன்னால் சிரிப்பார்கள். மரியாதைக்குரிய ஒருவரைப் பற்றி ‘செத்துட்டார்’ என்றால் சிரிக்க மாட்டார்கள், அடிக்க வருவார்கள். இந்த வித்தியாசத்தை யாரும் நமக்குப் பட்டியலாகக் கொடுக்கவில்லை. எந்தச் சொல் எந்த இடத்தில் யார் வாயில் வந்தது என்று ஆயிரம் முறை கேட்டதில் தானாகப் படிந்தது. ஆங்கிலத்திலும் அதே படிவுதான் வேண்டும். ஆயிரம் முறை கேட்க நேரமில்லாதவர்கள் அதைக் கொஞ்சம் திட்டமிட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது.

சினானிம் பட்டியல் என்பது எதற்காக உண்டானது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும். தமிழில் நிகண்டுகள் இருந்தன. தெய்வத்தின் பெயர்கள், விலங்குகளின் பெயர்கள், மரங்களின் பெயர்கள், ஒலிகளின் பெயர்கள் என்று பன்னிரண்டு தொகுதிகளாக, ஒரு பொருளுக்கு எத்தனை சொல் உண்டோ அத்தனையையும் செய்யுளில் அடுக்கிவைத்தவை. மொழியில் ஏற்கெனவே ஊறிய புலவனுக்கு, எதுகைக்கோ மோனைக்கோ இன்னொரு சொல் தேவைப்படும்போது கைகொடுக்க எழுந்தவை அவை. ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்தவர் பீட்டர் மார்க் ரோஜே. தொழிலால் மருத்துவர். 1805ல் தன் சொந்த உபயோகத்துக்காக ஒரு சொற்பட்டியலைத் தொடங்கி, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அதை விரித்து 1852ல் ‘தெசாரஸ்’ என்ற பெயரில் வெளியிட்டார். அதில் சொற்களுக்கு விளக்கமே கிடையாது. சுமார் ஆயிரம் தலைப்புகளின் கீழ் சொற்கள் மட்டும். தெரிந்த சொல் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வெளியே வராமல் இருக்கும்போது திறந்து பார்க்கிற புத்தகம் அது. தெரியாத சொல்லைக் கற்றுக்கொள்ள எழுதப்பட்டதல்ல.

நான் இதை மானம் போய்த்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வயதில் மூத்த ஒருவரிடம் ஒரு விஷயத்தில் கருத்துக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ‘ஆஸ்க்’ மிகச் சாதாரணமாகப் பட்டது. தெசாரஸைப் புரட்டினேன். ‘டிமாண்ட்’ கம்பீரமாக இருந்தது. ‘ஐ டிமாண்ட் யுவர் ஒபினியன்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். ‘உங்கள் கருத்தைச் சொல்லியே ஆக வேண்டும்’ என்று அதட்டுகிற தொனி அதற்கு. அவர் பெருந்தன்மையான மனிதர். ‘கட்டளைக்குக் கீழ்ப்படிகிறேன்’ என்று தொடங்கி பதில் எழுதினார். அந்த ஒரு வரியை நான் இன்னும் மறக்கவில்லை.

சரி, ஒரு சொல்லும் அதன் சினானிமும் எங்கெல்லாம் பிரிகின்றன? நாலு இடங்களில் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

முதலாவது, சொல்லின் உடை. வீட்டு உடையா, விசேஷ உடையா, அலுவலக உடையா என்பது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1066ல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அடுத்த மூன்று நூற்றாண்டுக் காலம் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு கோலோச்சியது. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிட வேண்டும் என்று சட்டம் வந்ததே 1362ல்தான். தேவாலயத்திலும் படிப்பிலும் லத்தீன். மக்கள் வாயில் பழைய ஆங்கிலம். ஆக, ஒரே கருத்துக்கு மூன்று அடுக்குச் சொற்கள் சேர்ந்துவிட்டன. கேட்பதற்கு ‘ஆஸ்க்’ மக்களுடையது, ‘கொஸ்டின்’ பிரெஞ்சு வழி வந்தது, ‘இன்டராகேட்’ லத்தீன். நண்பனிடம் ஆஸ்க் பண்ணலாம். போலீஸ் சந்தேகப்பட்டு கொஸ்டின் பண்ணும். அறையில் உட்காரவைத்து மணிக்கணக்காகத் துருவினால் அது இன்டராகேட். இதே மாதிரி ‘கிங்லி’, ‘ராயல்’, ‘ரீகல்’. ‘ரைஸ்’, ‘மவுண்ட்’, ‘அசெண்ட்’. தமிழில் தொடங்கு, ஆரம்பி இரண்டும் அக்கம்பக்கத்தில் இருப்பதைப்போலத்தான். உயில் பத்திரத்தின் தலைப்பில் ‘வில் அண்ட் டெஸ்டமென்ட்’ என்று இரண்டு சொல் வருகிறதே, அதில் ‘வில்’ ஆங்கிலம், ‘டெஸ்டமென்ட்’ லத்தீன். இரண்டு மொழிக்காரர்களுக்கும் சந்தேகம் வராமல் இரண்டையும் சேர்த்து எழுதிய பழக்கத்தின் எச்சம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேள்வி கேட்டவரின் சிக்கலில் பாதி இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். புத்தகம் வழியாக ஆங்கிலம் கற்ற நமக்கு உயரத்தில் இருக்கிற லத்தீன் சொற்கள் கொஞ்சம் நன்றாகவே தெரியும். ‘போஸ்ட்போன்’ தெரியும், ‘இன்வெஸ்டிகேட்’ தெரியும், ‘டாலரேட்’ தெரியும். ஆனால் அதே பொருளுக்கு அன்றாடம் புழங்குகிற ‘புட் ஆஃப்’, ‘லுக் இன்டு’, ‘புட் அப் வித்’ ஆகியவை வாயில் வருவதில்லை. சின்னச் சின்னச் சொல் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு வரும் இந்தக் கூட்டு வினைகள்தான் நம்மிடம் உண்மையில் இல்லாத சினானிம்கள். புதுப்புதுக் கடினச் சொற்களைத் தேடுவதைவிட, தெரிந்த ஒவ்வொரு கடினச் சொல்லுக்கும் ‘இதை அவர்கள் பேச்சில் எப்படிச் சொல்வார்கள்?’ என்று கீழ்நோக்கித் தேடினால் ஆங்கிலம் சீக்கிரம் இளகும். ‘கமென்ஸ்’ தெரிந்தவர் ‘கிக் ஆஃப்’ கற்றுக்கொள்வது ஏற்றம்தான், இறக்கம் அல்ல.

இரண்டாவது, சொல்லின் முகபாவம். ‘ஸ்லிம்’ என்றால் பாராட்டு. ‘தின்’ பெரும்பாலும் வெறும் தகவல். ‘ஸ்கின்னி’ கொஞ்சம் உறுத்தும். ‘ஸ்க்ரானி’ என்றால் எலும்பும் தோலும். சிக்கனக்காரரை ‘த்ரிஃப்டி’ என்றால் மகிழ்வார், ‘ஸ்டிஞ்சி’ என்றால் கஞ்சன் என்று திட்டியதாகிவிடும். ‘ஃபேமஸ்’ புகழ் பெற்றவர். ‘நொட்டோரியஸ்’ பேர்போனவர், அதுவும் கெட்டதுக்கு. ‘சைல்ட்லைக்’ குழந்தை உள்ளம், ‘சைல்டிஷ்’ சிறுபிள்ளைத்தனம். இந்த முகபாவம் காலத்தோடு மாறவும் செய்யும். தமிழில் ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது, இன்று மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அதனால் பழைய புத்தகத்தில் பார்த்த பொருளை நம்பி இன்றைக்கு ஒரு சொல்லை எடுத்தாளக் கூடாது.

மூன்றாவது, சொல்லின் சகவாசம். என் கணக்கில் முக்கியமானது இதுதான். மனிதர்களைப்போலவே சொற்களுக்கும் கூட்டாளிகள் உண்டு. மழை ‘ஹெவி’யாகப் பெய்யும், காற்று ‘ஸ்ட்ராங்’காக அடிக்கும், இரண்டையும் மாற்றிச் சொன்னால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் காது ஒத்துக்கொள்ளாது. வேகத்துக்கு ‘ஃபாஸ்ட்’, ‘குவிக்’, ‘ராபிட்’ மூன்றும் உண்டு. கார் ஃபாஸ்ட், ஒரு பார்வை குவிக், வளர்ச்சி ராபிட். மனிதன் ‘டால்’, மலை ‘ஹை’. தவறு ‘பிக்’, அளவு ‘லார்ஜ்’, சந்தோஷம் ‘கிரேட்’. தமிழில் பேரிடி, பெருமழை, கொடும்பசி என்கிறோமே, பெரும்பசியும் உண்டு, ஆனால் கொடுமழை என்று சொல்லக் கொஞ்சம் யோசிக்கிறோம் அல்லவா, அந்த மாதிரி. இதற்குக் காரணம் கேட்டால் கிடைக்காது. சொல்லைத் தனியாக எழுதிவைக்காமல் அதன் கூட்டாளியோடு சேர்த்து எழுதிவைப்பதுதான் வழி. ‘ராபிட் = வேகமான’ என்று குறித்தால் அது செத்த குறிப்பு; ‘ராபிட் க்ரோத்’ என்று குறித்தால் அது நாளைக்கே பயன்படும்.

நாலாவது, சொல் நிற்கிற இலக்கண இடம். ‘டாக்’ என்றால் பின்னால் ‘அபௌட்’ வரும். ‘டிஸ்கஸ்’ என்றால் வராது. தமிழில் இரண்டுக்கும் ‘பற்றி’ போட்டுப் பழகியதால் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதிவிடுகிறோம். ‘லெட் ஹிம் கோ’, ஆனால் ‘அலவ் ஹிம் டு கோ’. ‘அஃப்ரெய்ட்’, ‘ஃப்ரைட்டன்ட்’ இரண்டும் பயந்த நிலைதான். ‘எ ஃப்ரைட்டன்ட் சைல்ட்’ சரி, ‘அஃப்ரெய்ட்’ பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்காது. ‘அஸ்லீப்’, ‘அலைவ்’ கதையும் அதுவே. காரை ‘ஸ்டார்ட்’ பண்ணலாம், ‘பிகின்’ பண்ண முடியாது.

அப்புறம் ஆன்டனிம். எதிர்ச்சொல்லை எல்லோரும் சினானிமுக்குத் தம்பி மாதிரி நடத்துகிறார்கள். எனக்கு அதுதான் கூர்மையான கருவி. ஒரு சொல்லின் பொருள் என்ன என்று தெரிந்துகொள்ள, அந்த வாக்கியத்தில் அதற்கு எதிர் என்ன என்று கேட்டாலே போதும்.

‘ஓல்ட்’ எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு எதிர் ‘யங்’, பொருளுக்கு எதிர் ‘நியூ’. தமிழ் இதை வயதான, பழைய என்று முதலிலேயே பிரித்துவைத்திருப்பதால் நமக்கு இது எளிது. ‘லைட்’ நிறத்தில் வந்தால் எதிர் ‘டார்க்’, எடையில் வந்தால் ‘ஹெவி’. ‘ஷார்ட்’ ஆளென்றால் ‘டால்’, கயிறென்றால் ‘லாங்’. ‘ரஃப்’ பரப்புக்கு எதிர் ‘ஸ்மூத்’, கடல் ரஃபாக இருந்தால் எதிர் ‘காம்’, நடத்தை ரஃபாக இருந்தால் ‘ஜென்டில்’. இப்போது ‘ஸ்ட்ராங்’ எப்படி அலைகிறது பாருங்கள். ஆளுக்கும் வாதத்துக்கும் எதிர் ‘வீக்’. காற்றுக்கு எதிர் ‘லைட்’. வாசனைக்கு எதிர் ‘ஃபெயின்ட்’. பேச்சில் தெரிகிற ஆக்சென்ட் ஸ்ட்ராங் என்றால் அதற்கு எதிர் ‘ஸ்லைட்’. ‘ஸ்ட்ராங்’குக்கு எதிர் ‘வீக்’ என்று ஒரே வரியில் படித்தவர் ‘வீக் ஸ்மெல்’ என்று எழுதி மாட்டிக்கொள்வார். இதற்கு நேர்மாறாக ‘ஹெவி’ ஒழுங்கான பிள்ளை. பை, மழை, போக்குவரத்து, தூக்கம் எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் எதிர் ‘லைட்’தான். எது ஒழுங்கு, எது அலைகிறது என்று தெரிந்துகொள்வதுகூட ஒரு அறிவுதான்.

எதிர்ச்சொற்கள் எல்லாம் ஒரே ஜாதியும் அல்ல. உயிரோடு இருப்பதும் இறந்திருப்பதும் ஒன்றில்லை என்றால் மற்றொன்று. ‘ஹாட்’, ‘கோல்ட்’ அப்படி அல்ல. சூடாக இல்லை என்பதால் குளிர்ச்சி என்றாகிவிடாது, நடுவே வெதுவெதுப்பு, மிதம் என்று நிறைய இடம் இருக்கிறது. ‘பை’, ‘செல்’ வேறு வகை. ஒரே பரிமாற்றத்தை இரண்டு பக்கத்திலிருந்து பார்ப்பது. நடுவே இடம் உள்ள வகையைப் பிடித்துவைத்துக்கொண்டால் ஒரு நல்ல பயன் உண்டு. ஆங்கிலத்தில் நயமாகப் பேசுவது பெரும்பாலும் எதிர்ச்சொல்லின் மறுப்பில்தான் நடக்கிறது. ‘பேட் ஐடியா’ என்று முகத்தில் அடிக்காமல் ‘நாட் எ வெரி குட் ஐடியா’ என்பார்கள். அறை ‘ஸ்மால்’ என்பதைவிட ‘நாட் வெரி லார்ஜ்’ மென்மை. நாம் ‘அவ்வளவு நல்லாயில்லை’ என்று இழுப்போமே, அதுதான்.

‘வெரி’ என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. ‘வெரி டயர்ட்’ என்பதற்குப் பதில் ‘எக்ஸாஸ்டட்’, ‘வெரி ஸ்மால்’ என்பதற்குப் பதில் ‘டைனி’, ‘வெரி ஆங்ரி’ என்பதற்குப் பதில் ‘ஃப்யூரியஸ்’ என்று மாற்றிப் பழகுவது நல்ல பயிற்சி. ஆனால் ‘வெரி’ ஏற்கெனவே அந்தச் சொல்லுக்குள் கரைந்துவிட்டது. மறுபடி ‘வெரி ஃப்யூரியஸ்’ என்றால் இரண்டு தடவை உப்புப் போட்டது மாதிரி. அங்கே ‘அப்சல்யூட்லி’ வரலாம்.

முன்னொட்டு போட்டு எதிர்ச்சொல் செய்வதில் நமக்கு ஒரு சாதகம் இருக்கிறது, யாரும் சொல்லித் தருவதில்லை. ‘இன்’ என்ற லத்தீன் முன்னொட்டு ‘ப’, ‘ம’ ஒலிகளுக்கு முன்னால் ‘இம்’ ஆகும்: ‘இம்பாஸிபிள்’, ‘இம்மாரல்’. ‘ல’வுக்கு முன் ‘இல்’: ‘இல்லீகல்’. ‘ர’வுக்கு முன் ‘இர்’: ‘இர்ரெகுலர்’. இதைத் தனித்தனியாக நாலு முன்னொட்டு என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். மரம், கள் சேர்ந்து மரங்கள் ஆவதும், மரம், தான் சேர்ந்து மரந்தான் ஆவதும் நமக்கு எவ்வளவு இயல்பு! அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்ப முந்தைய மெய் வளைந்து கொடுக்கிறது. இதுவும் அதே புணர்ச்சிதான். ‘அன்’ மட்டும் வளையாது. அது பழைய ஆங்கிலத்தின் சொந்த முன்னொட்டு, லத்தீன் விதி அதற்கு இல்லை. அதனால்தான் ‘அன்பாப்புலர்’, ‘அன்பிளசன்ட்’.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. உரிச்சொல் ‘அன்’ எடுக்கும், அதன் பெயர்ச்சொல் ‘இன்’ எடுக்கும். ‘அன்ஏபிள்’ ஆனால் ‘இன்அபிலிட்டி’. ‘அன்ஜஸ்ட்’ ஆனால் ‘இன்ஜஸ்டிஸ்’. ‘அன்ஈக்குவல்’ ஆனால் ‘இன்ஈக்குவாலிட்டி’. ‘அன்ஸ்டேபிள்’ ஆனால் ‘இன்ஸ்டபிலிட்டி’. பெயர்ச்சொல் முழுசாக லத்தீனிலிருந்தோ பிரெஞ்சிலிருந்தோ வந்து இறங்கியது. உரிச்சொல்லுக்கு ஆங்கிலம் தன் சொந்த ‘அன்’னை ஒட்டிக்கொண்டது. காரணம் தெரிந்தால் ஜோடி மறக்காது.

பொறிகளும் இருக்கின்றன. ‘இன்ஃப்ளேமபிள்’ என்றால் தீப்பிடிக்காதது என்று நினைத்தால் ஆபத்து. எளிதில் தீப்பிடிக்கும் என்பதே பொருள். இங்கே ‘இன்’ மறுப்பு அல்ல. குழப்பம் உயிருக்கே உலைவைக்கும் என்பதால் எச்சரிக்கைப் பலகைகளில் இப்போது ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதுகிறார்கள். ‘இன்வேல்யுவபிள்’ மதிப்பில்லாதது அல்ல, மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது. ‘இன்ஃபமஸ்’ புகழில்லாதவர் அல்ல, இழிபுகழ் பெற்றவர். ‘டிஸ்இன்டரஸ்டட்’ என்பது நடுநிலை, ‘அன்இன்டரஸ்டட்’ ஆர்வமின்மை. ஆங்கிலேயர்களே இதில் தடுமாறுவதுண்டு என்றாலும் பிரித்து எழுதுவது நல்லது. சில சொற்களுக்கு எதிர்ப்பக்கமே காணாமல் போய்விட்டது. ‘ரூத்லெஸ்’ இருக்கிறது, இரக்கம் என்ற பொருளில் இருந்த ‘ரூத்’ வழக்கொழிந்துவிட்டது. ‘அசிங்க’த்தில் ‘அ’வை எடுத்தால் சிங்கம் வராததுபோல, எதையும் கழற்றிப் பார்த்துப் பொருள் சொல்லிவிட முடியாது. இந்திய ஆங்கிலத்தில் ‘போஸ்ட்போன்’ இருக்கிறதே என்று ‘ப்ரிபோன்’ செய்துகொண்டார்கள். தர்க்கப்படி அருமையான சொல், அகராதியிலும் ஏறிவிட்டது. ஆனால் மற்ற நாட்டவர்களுக்கு எழுதும்போது ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்று எழுதினால்தான் புரியும்.

சரி, நாளை முதல் என்ன செய்வது?

முதலில் அந்த இருபதை நிறுத்துங்கள். பொருளில் நெருங்கிய சொற்களைப் புதிதாக ஒரே நேரத்தில் சேர்த்துக் கற்றால் அவை ஒன்றோடொன்று இடிக்கும். தாமஸ் டிங்கம் என்பவர் 1993ல் இதைச் சோதித்துப் பார்த்தார். செயற்கையாக உண்டாக்கிய சொற்களுக்குப் பொருள் கொடுத்துக் கற்கவைத்ததில், ஒரே இனத்தைச் சேர்ந்த சொற்களை ஒன்றாகக் கற்பதற்குத்தான் அதிக முயற்சி பிடித்தது. 1997ல் ராப் வேரிங் ஜப்பானியர்களிடம் செய்த சோதனையிலும் இதே போக்குதான். எதிர்ச்சொற்களிலும் இது நடக்கும். ‘பாரோ’, ‘லெண்ட்’ இரண்டையும் ஒரே நாளில் படித்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்க கடன் வாங்கியது யார், கொடுத்தது யார் என்ற சந்தேகம் போவதில்லை. முதலில் ‘பாரோ’வைத் தனியாகக் கற்று, அது தடுமாறாமல் வரும்வரை புழங்கிவிட்டு, இரண்டு வாரம் கழித்து ‘லெண்ட்’டைக் கொண்டுவாருங்கள்.

ஆக, சினானிமும் ஆன்டனிமும் புதுச் சொல்லைக் கற்கும் வழி அல்ல, தெரிந்த சொல்லுக்கு அக்கம்பக்கம் கட்டும் வழி. ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த, அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிற ஒரு சொல்லை எடுங்கள். ‘குட்’, ‘பிக்’, ‘கெட்’, ‘இம்பார்ட்டன்ட்’ மாதிரி. உங்கள் பழைய எழுத்தைப் புரட்டினால் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று அண்டைச் சொற்கள் மட்டும் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் நிஜமாகப் படித்த ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். அதன் கீழே, பழைய சொல்லை அந்த இடத்தில் போட்டால் என்ன கெடுகிறது என்று ஒரு வரி, தமிழில். அந்தத் தமிழ் வரிதான் உயிர். அதை எழுத முடியவில்லை என்றால் அந்தச் சொல் இன்னும் உங்களுடையது ஆகவில்லை, விட்டுவிடுங்கள், இன்னொரு முறை எதிர்ப்படும்.

அகராதி விஷயத்தில் ஒரு சிபாரிசு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான பெரிய அகராதி வேண்டாம், கற்பவர்களுக்கென்றே செய்த அகராதியைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி அப்படிப்பட்டது. ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது அங்கிருந்த மாணவர்களுக்காகத் தொகுத்து, 1942ல் டோக்கியோவில் வேறொரு பெயரில் வெளிவந்ததுதான் அதன் மூலம். அதில் நெருங்கிய சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கே எது வரும் என்று விளக்கும் பெட்டிகள் இருக்கின்றன. லாங்மன், கேம்பிரிட்ஜ், 1987ல் வந்த கோபில்ட் எல்லாமே நல்லவை. கோபில்ட் பொருளையே முழு வாக்கியமாகச் சொல்லும் என்பதால் அதன் விளக்கமே பாதிப் பாடம். இவையெல்லாம் இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. தெசாரஸ் வேண்டவே வேண்டாம் என்றில்லை. அதில் கண்ட சொல்லை உடனே எழுத்தில் போடாமல், அகராதியில் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுப் போடுங்கள். என் ‘டிமாண்ட்’ கதை உங்களுக்கு வேண்டாம்.

மறதிக்கு மருந்து இடைவெளி விட்டுத் திருப்புவது. இன்று, மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்ற மாதிரி. அன்கி என்ற இலவச மென்பொருள் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். அட்டையின் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருள் என்று மட்டும் போடாதீர்கள். வாக்கியத்தில் அந்தச் சொல் இருக்கும் இடத்தைக் காலியாக விட்டுவைத்து, நிரப்பும்படி செய்யுங்கள். நாலு விடையில் ஒன்றை அடையாளம் காட்டுவது வேறு திறமை, காலி இடத்தில் தானாகக் கொண்டுவருவது வேறு திறமை. உங்களிடம் முதலாவது இருக்கிறது, இரண்டாவது பழக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

எத்தனை சொல் தெரிந்தால் போதும் என்ற கவலையும் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது என்று தோன்றுகிறது. பால் நேஷன் என்ற மொழி ஆய்வாளர் 2006ல் போட்ட கணக்குப்படி, நாவலும் செய்தித்தாளும் பிறர் உதவியின்றிப் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). பெரிய எண்தான். ஆனால் அது வாசித்துப் புரிந்துகொள்ள. எழுதவும் பேசவும் அதைவிட மிகக் குறைவான சொற்களே போதும், அவற்றை நன்றாகத் தெரிந்திருந்தால். லாங்மன் அகராதி தன் விளக்கங்களையெல்லாம் சுமார் இரண்டாயிரம் சொற்களுக்குள் எழுதிவிடுகிறது.

ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று பதறி மாற்றவும் வேண்டாம். முதல் வரியில் ‘மெஷின்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரியில் ‘டிவைஸ்’, அதற்கடுத்து ‘அப்பரேட்டஸ்’ என்று எழுதினால், படிப்பவர் மூன்று பொருள்களைப் பற்றிப் பேசுகிறோமோ என்று தேடுவார். எச். டபிள்யூ. ஃபௌலர் என்ற ஆங்கில இலக்கணக்காரர் இந்த வியாதிக்கு ‘எலிகன்ட் வேரியேஷன்’ என்று கேலியாகவே பெயர் வைத்தார். கதையில் ஒவ்வொருவர் பேச்சுக்கும் ‘செட்’ (சொன்னார்) என்றே வந்தால் யாருக்கும் உறுத்தாது. ‘எக்ஸ்கிளெய்ம்ட்’, ‘அஃபர்ம்ட்’, ‘ஆப்சர்வ்ட்’ என்று மாறிமாறி வந்தால்தான் உறுத்தும்.

கடைசியாக, போட்டித் தேர்வுக்குத் தயாராகிறீர்கள் என்றால் பட்டியலை முழுவதும் தூக்கிப்போட முடியாது, அது எனக்கும் தெரியும். அங்கே பழைய வினாத்தாள்களில் வந்த சொற்களை மட்டும் எடுத்து, ஒரே பொருளுடையவை அடுத்தடுத்து வராதபடி கலைத்துப்போட்டுப் படியுங்கள். கேள்வியில் வாக்கியம் கொடுத்திருந்தால், விடைகளைப் பார்க்கும் முன்பே அந்தக் காலி இடத்துக்கு உங்கள் சொந்தச் சொல் ஒன்றை மனதில் சொல்லிப் பாருங்கள். அப்புறம் நாலு விடைகளில் அதற்குப் பக்கத்தில் நிற்பது எது என்று தேடுங்கள். எதிர்ச்சொல் கேட்டிருக்கும்போது சினானிமைக் குறித்துவிட்டு வருவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. கேள்வித்தாள் எழுதுகிறவர்கள் அந்த நாலில் ஒன்றாக சினானிமையும் வேண்டுமென்றே வைப்பார்கள். கேள்வியில் ‘ஆன்டனிம்’ என்ற சொல்லை முதலில் பென்சிலால் சுழித்துவிடுங்கள்.